கூட வந்தவர் வெளியே உட்காருங்கள்

எங்கள் மலையில் நோயாளிக்கு வாய் கிடையாது. காய்ச்சலோ, கால் முறிவோ, காத்துக் கருப்போ, எதுவானாலும் கூட்டிக்கொண்டு போனவர்தான் நோவைச் சொல்ல வேண்டும். நோயாளி பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தால் போதும். குறி சொல்லும் பூசாரியிடமும் அப்படித்தான், அடிவாரத்து டாக்டரிடமும் அப்படித்தான். டாக்டர் என் முகத்தைப் பார்த்து எங்கே வலிக்கிறது என்று கேட்டால்கூட, பதில் பக்கத்து நாற்காலியிலிருந்துதான் வரும். இதை மரியாதை என்று நினைத்து வளர்ந்தவள் நான். அந்த மரியாதை எனக்கு என்ன செய்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் என் சித்தப்பா, அப்பாவின் தம்பி. மலைமேல் வாழவந்தி நாடு என்கிற எங்கள் பகுதியில், சொந்தத்தில் ஜீப் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். மிளகும், குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் ஏற்றிக்கொண்டு வாரத்துக்கு மூன்று நாள் கீழே போவார். நாமக்கல் ஆபீஸ்களில் எந்த மேசையில் யார் உட்கார்ந்திருப்பார் என்பதுவரை தெரிந்தவர். பல்வலிக்காக வாயில் கிராம்பு போட ஆரம்பித்தார். பல்வலி போய்விட்டது, கிராம்பு போகவில்லை. ஊரில் யாருக்கு உடம்பு முடியாவிட்டாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தங்கமான மனுஷன் என்று பெயர் எடுக்க வேறென்ன வேண்டும்.

எட்டு வயதிலிருந்து பதினொரு வயது வரை, மிளகு மூட்டை அடுக்கிய அறையில் அவர் எனக்குச் செய்ததை இங்கே விவரிக்கப் போவதில்லை. கதவு சாத்தியிருந்தது. வெளியே சித்தி கோழிகளைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. இவ்வளவு போதும். நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வருடங்களில் என் வாயைத் திறந்து நான் குறைபட்டுக்கொண்டது வேறு ஒன்றைப் பற்றித்தான். வெள்ளிக்கிழமை இல்லாத நாட்களிலும் அம்மா என்னைத் திடீரென்று பிடித்து உட்கார வைத்து, சீயக்காய் தேய்த்துத் தலைக்கு ஊற்றிவிடுவாள். மார்கழிக் குளிரிலும் விடமாட்டாள். மண்டை எரியும் அளவுக்குத் தேய்ப்பாள். கேட்டால் பேன் என்பாள். எனக்குப் பேன் இருந்ததாக ஞாபகமே இல்லை.

பிறகு அது நின்றது. நான் பெரியவளானதும் அவர் என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நானும் மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மனசு எவ்வளவு பெரிய புளுகுணி என்று அப்போது தெரியாது.

தொண்ணூற்றேழில் எனக்குப் பத்தொன்பது வயது. என் தங்கை எனக்குப் பதினொரு வயது இளையவள். ஒரு நாள் நான் களத்தில் சாமை காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஜீப் வந்து நின்றது. முன் சீட்டில் தங்கை உட்கார்ந்து ஹாரனை அமுக்கி அமுக்கி விளையாடினாள். சித்தப்பா அவள் தலையைத் தடவிச் சிரித்தார். அவளுக்கு அந்த மாதம்தான் எட்டு வயது முடிந்திருந்தது. என் கை விறைத்தது, தாடை பூட்டிக்கொண்டது, சாமையின் மேலேயே விழுந்தேன்.

அன்றிலிருந்து வாரத்துக்கு ஒரு தடவையாவது விழுந்தேன். தூக்கம் போனது, சோறு இறங்கவில்லை. எனக்கு என்ன நோய் என்று எனக்குத் தெரியும். அதை ஒருவரிடம் சொல்லிவிட வேண்டும், தங்கையின் முறை வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்பதும் தெரியும். அம்மாவிடம் சொல்லியிருக்கலாமே என்று இன்று கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. அம்மா அவருக்குத் தட்டு வைத்துப் பரிமாறுகிறவள். அப்பா தம்பியைக் கேட்காமல் விதைகூடப் போடாதவர். எங்கள் வீட்டில் அந்தச் சொல் போய் விழ ஓர் இடம் இல்லை. வெளியாள் ஒருவர் வேண்டியிருந்தது. வெளியாளிடம் போக ஜீப் வேண்டியிருந்தது.

முதலில் குறி கேட்கப் போனோம். பூசாரி என் தலைமுடியை அவிழ்த்துவிடச் சொல்லி உடுக்கை அடித்தார். பிள்ளை எதையோ பார்த்துப் பயந்திருக்கிறாளா என்று கேட்டார். எனக்குப் பின்னால் நின்றுகொண்டு சித்தப்பா சொன்னார்:

"ஆமாங்க. சின்ன வயசுல எதையோ பாத்துப் பயந்துருச்சுங்க."

குரலில் ஒரு நடுக்கம் இல்லை. கூட வந்த அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குத் தாயத்து கட்டினார்கள்.

அடுத்து நாமக்கல்லில் ஒரு டாக்டர். கூட்டத்துக்கு நடுவில் ஐந்து நிமிடம் கிடைத்தது. சித்தப்பாதான் சொன்னார், தூக்கம் இல்லை, பயந்த சுபாவம், சாப்பிடுவதில்லை என்று ஒன்றுவிடாமல் சரியாகவே சொன்னார். என் நோவை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அவர்தானே. டாக்டர் ஓர் ஊசி போட்டு, தூக்க மாத்திரை எழுதி, சீக்கிரம் கல்யாணத்தை முடிக்கச் சொன்னார். நான் வாயைத் திறந்தேன். சித்தப்பாவின் கை என் தோளில் வந்து உட்கார்ந்தது. மூடிக்கொண்டேன்.

மூன்றாவதாக, அடுத்த வருடம் மாசியில், சேலத்தில் ஒரு மனோதத்துவ நிபுணர். பெயருக்குப் பின்னால் எட்டு எழுத்து போட்ட பெரிய போர்டு. அந்த எட்டு எழுத்துக்கும் என்ன அர்த்தம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது அவமரியாதை என்று நினைக்கிற ஆட்கள் நாங்கள். என்னைக் கட்டிலில் படுக்க வைத்து, கண்ணை மூடச் சொல்லி, ஆழ்மனதுக்குள் அனுப்பப் போவதாகச் சொன்னார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, கதவைச் சாத்தினார். பிறகு, பெண் பயப்படாமல் இருக்க, கூட வந்தவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்றார்.

இருட்டில் கிராம்பு வாசம் என் முகத்துக்கு அருகில் வந்தது. என் கையை ஒரு கை பிடித்தது. நிபுணர் எங்கோ தொலைவிலிருந்து, உனக்கு எட்டு வயது, பத்து வயது, என்ன தெரிகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் அலறிய அலறலில் மாடியிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். இது முற்றிய கேஸ், பத்து தடவையாவது வர வேண்டும் என்றார் நிபுணர். கூட்டி வருகிறேன் என்றார் சித்தப்பா.

திரும்பும் வழியில் சேந்தமங்கலத்தில் மிளகு வியாபாரி வீட்டில் ஜீப் நின்றது. அவர்கள் முஸ்லிம் குடும்பம். எங்கள் வீட்டு மிளகு அவர்களுக்குத்தான் போகும். ஆண்கள் முன்பக்கக் கடையில் பேச உட்கார்ந்தார்கள். வியாபாரியின் மனைவி என்னை உள்ளே கூட்டிப் போய் நெய்ச்சோறு போட்டார். சோற்றில் கிராம்பு கிடந்தது. நான் தட்டைத் தள்ளிவிட்டுப் பின்கட்டுக்கு ஓடி வாந்தி எடுத்தேன். அந்த அக்கா வந்து நெற்றியைத் தாங்கிப் பிடித்தார். சத்தம் கேட்டுச் சித்தப்பா நடைக்கு வந்து, என்ன ஆச்சு என்று கேட்டார். நான் அக்காவின் முந்தானைக்குப் பின்னால் போய் நின்றேன். இருபது வயதுப் பெண் செய்கிற காரியமா அது. அக்கா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். ஒன்றுமில்லை, போய் டீ குடியுங்கள் என்று அவரை அனுப்பினார்.

என்னிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. தன் கதையைச் சொன்னார். மூன்று வருடம் முன்னால் அவருடைய குழந்தை கிணற்றில் விழுந்து இறந்துபோனதாம். அதற்குப் பிறகு தண்ணீர் சத்தம் கேட்டாலே மயங்கி விழுவாராம். போகாத டாக்டர் இல்லை, ஓதாத ஓதல் இல்லை. கடைசியில் திருச்சியில் ஓர் அம்மாவிடம் போனாராம். மருந்து எழுதுகிறவர் இல்லை. மனநோவைப் பேசிப் பேசி ஆற்றுவதற்கென்றே படித்தவர்.

"மத்த எல்லாருமே எங்க ஊட்டுக்காரரத்தான் கேட்டாங்க, கண்ணு. அவருதான் பதில் சொன்னாரு. அந்தம்மா ஒருத்தருதான், கூட வந்தவரு வெளிய உக்காருங்கன்னு சொன்னாங்க. அப்பவே தெரிஞ்சுபோச்சு, இவங்க படிச்சவங்கன்னு."

அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்படி ஒரு டாக்டர் இருக்க முடியும் என்றே எனக்குத் தோன்றியதில்லை. அக்கா உள் அறைக்குப் போய், குரலைத் தாழ்த்தி போன் பேசினார். மூன்று வாரம் கழித்து ஒரு நாள் கிடைத்தது. விலாசத்தைக் காலண்டர் தாளின் பின்புறம் எழுதி என் கையில் திணித்தார். படித்த சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கும், எங்கே படித்தீர்கள், எத்தனை வருடமாகப் பார்க்கிறீர்கள் என்று தாராளமாகக் கேள், நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்துக்கொண்டால் எழுந்து வந்துவிடு என்றார். துறையூரில் தன் தங்கை வீடு இருக்கிறது, தங்கிக்கொள் என்றும் சொன்னார்.

தாளை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினேன். காரவள்ளி தாண்டி மலை ஏறியது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் சித்தப்பா ஹாரன் அடித்துவிட்டு, போர்டில் இருக்கிற எண்ணை உரக்கச் சொல்வார். அவருக்கு அது ஒரு பழக்கம். முப்பதாவது வளைவு வரை எண்களைத் தவிர வேறு பேச்சில்லை. பிறகு, ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"அந்தச் சேலத்து ஆளுகிட்ட என்ன சொல்லலாம்னு இருந்த, கண்ணு?"

நான் வெளியே பார்த்தேன். முப்பத்தொண்ணு என்றார். முப்பத்திரண்டு என்றார்.

"சின்னவளுக்கு வண்டின்னா உசுரு. பரீட்ச லீவு உட்டதும் நம்ம ஊட்டுல வந்து இருக்கட்டும்னு அண்ணங்கிட்டச் சொல்லீட்டேன்."

முப்பத்திமூணு என்றார். மிச்ச வளைவுகள் முழுக்க என் பல் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டே இருந்தது. லீவுக்கு ஒரு மாதம்கூட இல்லை.

திருச்சிக்குப் போக ஜீப் இல்லாமல் ஒரு வழி இருந்தது. காட்டுத்தடம் வழியாகப் புளியஞ்சோலைக்கு இறங்கி, அங்கிருந்து துறையூர் பஸ். எங்கள் ஆட்கள் காலங்காலமாக நடந்த தடம்தான். ஆனால் தனியாக ஒரு பெண் இறங்கினால், ஊர் அவளுக்குப் பெயர் வைத்துவிடும். நான் அம்மாவிடம் போனேன். அவள் குச்சிக்கிழங்கைத் தோல் சீவி நறுக்கிக்கொண்டிருந்தாள். திருச்சியில் ஒரு டாக்டரம்மா இருக்கிறார், நீ கூட வர வேண்டும், சித்தப்பாவுக்குத் தெரியக் கூடாது என்று ஒரே மூச்சில் சொன்னேன். ஏன் என்று கேட்பாள், என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அவள் கேட்கவில்லை. ஒரு கிழங்கு முழுக்க நறுக்கி முடித்தாள். பிறகு, நாலு மணி நேரம் நடப்பாயா என்று மட்டும் கேட்டாள்.

புளியஞ்சோலையில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து என்று அப்பாவிடம் சொன்னோம். கிளம்புவதற்கு முந்தின நாள் சித்தப்பா வீட்டுக்கு வந்தார். எப்படித் தெரிந்ததோ, காதுகுத்துக்குப் போவது தெரிந்திருந்தது. காட்டுத்தடத்தில் அட்டை அதிகம், சின்னவள் எதற்கு, எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள் அண்ணி என்றார். தங்கை அதற்குள் குதிக்க ஆரம்பித்தாள். அம்மா அவருக்கு மோர் கொடுத்துவிட்டு, அவளுக்கும் அங்கே சட்டை எடுத்து வைத்திருக்கிறார்கள் என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு எரிச்சலாக வந்தது. அப்பாவிடம் விட்டுவிட்டு வந்தால் போதுமே, இவளையும் இழுத்துக்கொண்டு போனால் பஸ்ஸைத் தவறவிடுவோம் என்று அம்மாவிடம் சண்டை போட்டேன். அவள் தங்கையின் மாற்றுச் சட்டையை மடித்துப் பையில் வைத்தாள்.

விடியக் கிளம்பினோம். தங்கை நடக்கமாட்டேன் என்று அழுதாள். பாறை இறக்கங்களில் அம்மா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். ஒன்பது வயதை நெருங்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினால் மூச்சு இரைக்காதா? இரைத்தது. ஆனால் கீழே விடவில்லை. காட்டுக்குள் ஏதாவது கிளை முறிந்தாலும் மூன்று பேரும் நின்று திரும்பிப் பார்த்தோம். யாரும் வரவில்லை. ஆனாலும் தடம் முடிந்து ஓடைச் சத்தம் கேட்கும்வரை, எனக்குப் பின்னால் யாரோ எண்களைச் சொல்லிக்கொண்டு வருவது போலவே இருந்தது.

திருச்சியில் மூன்று மணிக்கு முறை. டாக்டரம்மாவுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். பருத்திப் புடவை, மேசையில் ஒரு தண்ணீர்க் கூஜா. அம்மா உள்ளே வந்து கைகூப்பி, பிள்ளைக்குத் தூக்கம் இல்லீங்க என்று ஆரம்பித்தாள். டாக்டரம்மா கனிவாகவே தடுத்தார்.

"அம்மா, நீங்க கொஞ்ச நேரம் வெளிய உட்காருங்க. அவங்களே சொல்லட்டும்."

அம்மா என்னைப் பார்த்தாள். தங்கையைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே போனாள்.

நான் வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி, நீங்கள் எங்கே படித்தீர்கள் என்பது. அவர் சிரித்துவிட்டு, சுவரில் இருந்த சான்றிதழைக் காட்டி, எங்கே, எத்தனை வருடம், எத்தனை வருடமாக இந்த வேலை என்று எல்லாம் சொன்னார். கதவைச் சாத்த வேண்டாம் என்றேன். அதையும் ஏன் என்று கேட்கவில்லை. கதவை ஒரு சாண் திறந்து வைத்து, கதவுப் பக்கத்து நாற்காலியை எனக்குக் கொடுத்து, தான் எதிரே தள்ளி உட்கார்ந்தார். நான் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம், எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு சொன்னால் போதும் என்றார். அவசரமே இல்லாத ஒரு மனுஷியை அன்றுதான் பார்த்தேன்.

சொன்னேன். முழுக்க இல்லை. யார், எந்த அறை, எத்தனை வயது என்று சொன்னேன். அதற்கே ரவிக்கை வேர்வையில் நனைந்துவிட்டது. அவர் குறுக்கே பேசவில்லை. முடித்ததும், நம்புகிறேன் என்றார். பிறகு, அந்த வீட்டில் இப்போது வேறு சின்னக் குழந்தை இருக்கிறதா என்று கேட்டார்.

என் தங்கை என்றேன்.

இப்போது அவள் யாரிடம் இருக்கிறாள்?

வெளியே அம்மாவிடம் இருக்கிறாள், காட்டுத்தடத்தில் நடக்க வைத்து, பாறை இறக்கங்களில் அம்மா தூக்கிக்கொண்டு வந்தாள் என்றேன்.

"இவ்வளவு தூரம் நடத்தி, தூக்கி... அவளை எதுக்குக் கூட்டிட்டு வந்தாங்க?"

பதில் சொல்லத் திரும்பினேன். திறந்திருந்த ஒரு சாண் இடைவெளியில் வராந்தா பெஞ்சு தெரிந்தது. தங்கை அம்மா மடியில் தூங்கிப் போயிருந்தாள். அம்மா குனிந்து அவள் தலைமுடியை வகிடு வகிடாகப் பிரித்து, ஒவ்வொரு இடமாக மூக்கை வைத்து முகர்ந்துகொண்டிருந்தாள். பேன் பார்க்கிறவள் கண்ணால் பார்ப்பாள். இவள் முகர்ந்தாள்.

சீயக்காய்த் தண்ணீர் பத்து வருடம் கழித்து என் தலையில் வந்து விழுந்தது. அம்மா தலைக்கு ஊற்றிய நாட்கள் எந்த நாட்கள் என்று எனக்கு ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

டாக்டரம்மாவிடம் மேற்கொண்டு என்ன பேசினேன் என்று சரியாக ஞாபகமில்லை. தங்கை சித்தப்பா வீட்டுக்குப் போகக் கூடாது என்பது முதல் காரியம், மற்றதெல்லாம் பிறகு, அடுத்த வாரமும் வா என்று அவர் சொன்னது நினைவிருக்கிறது. வெளியே வந்து பெஞ்சில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன். எதைக் கேட்கிறாய் என்று அவள் நடிக்கவில்லை. அதற்காவது நன்றி.

"தல வாரி உடறப்ப கிராம்பு வாசம் வந்துச்சு, சாமி."

அப்புறம் ஏன் என்னை அவரோடேயே அனுப்பினாய் என்று கேட்டேன். அவள் உண்மையாகவே யோசித்தாள்.

"வேற யாரு இருந்தா, கூட்டிட்டுப் போக?"

அவளை அறைய வேண்டும் போல இருந்தது. அவள் மடியில் விழுந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. துறையூரில் அந்த அக்காவின் தங்கை வீட்டில் தங்கி, மறுநாள் மலை ஏறினோம். தங்கை நடுவில் நடந்தாள். ஒரு கையை அம்மா பிடித்திருந்தாள், இன்னொரு கையை நான்.

வீட்டு முன்னால் ஜீப் நின்றது. அப்பாவும் சித்தப்பாவும் பக்கத்தில் நின்று எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புளியஞ்சோலையில் காதுகுத்தே இல்லையாமே என்றார் சித்தப்பா, சிரித்துக்கொண்டே. தங்கை வழக்கம்போல வண்டியைப் பார்த்து ஓடப் பார்த்தாள். அவளால் ஓட முடியவில்லை. இரண்டு பக்கமும் பிடி இறுகியிருந்தது.

"டாக்டர்கிட்டப் போனமுங்க," என்றாள் அம்மா.

என்னிடம் சொல்லியிருந்தால் நானே கூட்டிப் போயிருப்பேனே அண்ணி, பிள்ளையின் நோவை அங்கே யார் சொன்னது என்று கேட்டார். கிராம்பு அவர் கடைவாயில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போனது.

"நாந்தான் சொன்னேன்," என்றேன். "இனிமே நானே சொல்லிக்கறனுங்க."

அவர் தாடை அசைவது நின்றது. அப்பா என்னையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். தாயத்து கட்டிய நாளில் கண்ணைத் துடைத்துக்கொண்ட அதே முகம்.

"என்னத்தச் சொன்ன, சாமி?" என்று கேட்டார்.

அம்மா தங்கையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். உள்ளே போகவில்லை, என் பக்கத்திலேயே நின்றாள். நான் அப்பாவின் முகத்தைப் பார்த்து, மிளகு மூட்டை அடுக்கிய அறையிலிருந்து ஆரம்பித்தேன்.